உஷார்! பீரங்கிக் குண்டோடு சேர்த்துக் கட்டப்படும் கிரீன் கார்டு

உக்ரைனுக்கு ஆயுதம் கொடுப்பதா வேண்டாமா என்று அமெரிக்க செனட்டில் அடித்துக்கொள்கிறார்கள் என்று செய்தி வந்தால் நம் வீட்டில் சேனல் மாறிவிடும். மெக்சிகோ எல்லை, சுவர், முள்வேலி என்றால் இன்னும் சீக்கிரம் மாறும். மகளையோ மகனையோ டல்லாஸிலோ நியூஜெர்சியிலோ வைத்துக்கொண்டு, காலையில் வீடியோ காலில் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகே காபி குடிக்கும் வீடுகளிலும் இதே கதைதான். தயவுசெய்து இனி மாற்றாதீர்கள். அந்த இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும்போதுதான் அந்தப் பேரப்பிள்ளை அங்கே தங்கலாமா, மூட்டை கட்ட வேண்டுமா என்பது முடிவாகிறது. ஏற்கெனவே ஒரு முறை அப்படி நடந்துவிட்டது. நம்மில் பலருக்கு அது நடந்ததே தெரியாது.

2024 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை மாலை. 370 பக்கமுள்ள ஒரு மசோதாவை செனட்டில் வெளியிட்டார்கள். மொத்தம் சுமார் 11,800 கோடி டாலர். உக்ரைனுக்கு 6,000 கோடி, இஸ்ரேலுக்கு 1,400 கோடி, அமெரிக்காவின் சொந்த எல்லைக்கு 2,000 கோடி, தைவானுக்கும் அதன் பக்கத்து நாடுகளுக்கும் ஏறக்குறைய 480 கோடி, காஸா முதலான இடங்களின் மனிதாபிமான உதவிக்கு 1,000 கோடி. மறுநாள் தலைப்புகளை இந்தத் தொகைகளே பிடித்துக்கொண்டன. ஒரு நாளைக்கு சராசரியாக 5,000 பேர் எல்லையில் வந்து நின்றால் கதவை அடைத்தே ஆக வேண்டும் என்ற விதியும் சேர்ந்து அடிபட்டது.

நமக்கான பக்கங்கள் அவற்றுக்குப் பின்னால் இருந்தன. எச்-1பி விசாவில் இருப்பவர்களின் கணவன் அல்லது மனைவி, தனியாக விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்காமல் வேலை செய்யலாம் என்று ஒரு பிரிவு. குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கும் சுமார் 1 லட்சம் பேருக்கு இது பயன்படும் என்று வெள்ளை மாளிகையே கணக்குச் சொன்னது. இன்னொரு பிரிவு, ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 50,000 குடியேற்ற விசா கூடுதலாகத் தரும். அதில் 18,000 வேலை அடிப்படையிலானவை. மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்துவிட்ட பிரிவு: பெற்றோரோடு சிறு வயதில் சட்டப்படி அமெரிக்கா போய் அங்கேயே வளர்ந்த பிள்ளைகள் 21 வயதைத் தாண்டினாலும், சில நிபந்தனைகளோடு, கிரீன் கார்டு வரிசையில் தங்கள் இடத்தை இழக்க மாட்டார்கள்.

இந்த மூன்றாவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்குத்தான் தெரியும். அமெரிக்கா வேலை அடிப்படையில் ஆண்டுக்குத் தரும் கிரீன் கார்டு சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 140 கோடி பேர் இருக்கும் இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. விளைவு, பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் விண்ணப்பித்தவர்களின் முறையே இப்போதுதான் வருகிறது. பாலவாக்கத்திலிருந்து மூன்று வயதில் போன குழந்தை அங்கே பள்ளியை முடித்து, கல்லூரியில் சேர்ந்து, ஆங்கிலத்தில் கனவு கண்டு, 21ஆம் பிறந்தநாள் அன்று சட்டத்தின் கண்ணில் பெற்றோரின் பிள்ளை இல்லை என்றாகிறது. வரிசையிலிருந்து பெயர் விழுந்துவிடும். வெளிநாட்டு மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். இப்படி வளரும் பிள்ளைகள் சுமார் 2.5 லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் மிகப் பெரும் பங்கு இந்தியப் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றும் பிரிவு, பீரங்கிக் குண்டு வாங்கும் பணத்தோடும் எல்லைக் கதவை அடைக்கும் அதிகாரத்தோடும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருந்தது. மூன்றே நாளில் அந்த மூட்டையைத் தூக்கி எறிந்தார்கள்.

எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பார்த்தால்தான் அடுத்த மூட்டை வரும்போது அடையாளம் தெரியும். 2023 அக்டோபர் 20 அன்று அதிபர் பைடன் சுமார் 10,600 கோடி டாலர் கேட்டார். பெரும்பகுதி உக்ரைனுக்கு, கூடவே இஸ்ரேல், தைவான், எல்லை. அந்த நேரத்தில் மெக்சிகோ எல்லை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த டிசம்பரில் மட்டும் எல்லைக் காவலர்கள் சுமார் 2.5 லட்சம் பேரைப் பிடித்தார்கள். அதுவரை காணாத எண்ணிக்கை. டெக்சாஸின் ஈகிள் பாஸ் ஊரில் ரியோ கிராண்டே கரையிலுள்ள ஷெல்பி பூங்காவை மாநிலப் படை கையில் எடுத்துக்கொண்டு, மத்திய அரசின் காவலர்களையே உள்ளே விட மறுத்தது. “அடுத்தவன் எல்லையைக் காக்கப் பணம் கேட்கிறீர்களே, நம் எல்லை என்ன ஆனது?” என்று குடியரசுக் கட்சியினர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்கு அவர்கள் வைத்த நிபந்தனைதான் வினை: எல்லைச் சட்டத்தைத் திருத்தாமல் உக்ரைனுக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது. 2023 டிசம்பர் 6 அன்று செனட்டில் பணக் கோரிக்கை 49-51 என்று நின்றுபோனது. அன்றோடு உக்ரைன் வீரனின் குண்டும் ரியோ கிராண்டே முள்வேலியும் ஒரே முடிச்சுக்குள் வந்துவிட்டன.

மூன்று பேர் உட்கார்ந்து பேசினார்கள். ஓக்லஹோமாவின் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்ட், கனெக்டிகட்டின் கிறிஸ் மர்ஃபி, அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமா. ஒருவர் குடியரசுக் கட்சி, ஒருவர் ஜனநாயகக் கட்சி, ஒருவர் சுயேச்சை. கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் பேசினார்கள். வழக்கமாக ஜனநாயகக் கட்சி இப்படிப் பேசும்போது, ஆவணமின்றிப் பல காலம் அங்கேயே வாழ்பவர்களுக்குக் குடியுரிமை வழி கேட்கும். இந்த முறை அதைக்கூட விட்டுக்கொடுத்தது. ஒப்பந்தத்தில் இருந்தவை 1,500 கூடுதல் எல்லைப் பணியாளர்கள், 4,300க்கும் மேற்பட்ட புகலிட அதிகாரிகளும் ஊழியர்களும், 50,000 தடுப்புக் காவல் படுக்கைகள். எல்லைக் காவலர்களின் தொழிற்சங்கமே ஆதரித்தது. அவர்கள் பைடனுக்கு நண்பர்கள் அல்லர். 2020 தேர்தலில் டிரம்பை ஆதரித்த சங்கம் அது.

டிரம்ப் வேண்டாம் என்றார். ஒப்பந்தம் நின்றுபோனால் பழியைத் தன்மேல் போடுங்கள் என்று ஜனவரி மாதக் கூட்டமொன்றில் மேடையிலேயே சொன்னார். பிரதிநிதிகள் சபைத் தலைவர் மைக் ஜான்சன், இங்கே வந்து சேரும் முன்பே இது செத்துவிட்டது என்று அறிவித்தார். பிப்ரவரி 7 அன்று லாங்க்ஃபோர்ட் செனட்டில் எழுந்து பேசியதை ஒரு முறையாவது தேடிப் பாருங்கள். தேர்தல் ஆண்டில் எல்லைப் பிரச்சினையைத் தீர்க்கும் மசோதாவைக் கொண்டுவந்தால் உன்னை அழிக்க என்னென்ன முடியுமோ அத்தனையும் செய்வேன் என்று பிரபல ஊடகப் பிரமுகர் ஒருவர் தன்னிடம் நேராகச் சொன்னதாக அவர் அவையிலேயே சொன்னார். மசோதாவில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே வந்த மிரட்டல் அது. அன்று வாக்கு 49-50. தேவைப்பட்டது 60. நான்கே நான்கு குடியரசுக் கட்சியினர் ஆதரித்தார்கள்.

இந்த வாக்கெடுப்பில் நம் வீடுகள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. 21 வயதில் வரிசையிலிருந்து விழும் பிள்ளைகளைக் காப்பதற்கென்றே தனியாக ஒரு மசோதா, 2021இலும் 2023இலும் செனட்டில் வந்தது. கொண்டுவந்தவர்கள் இருவர்: கலிஃபோர்னியாவின் ஜனநாயகக் கட்சிக்காரர் அலெக்ஸ் படில்லா, கென்டக்கியின் குடியரசுக் கட்சிக்காரர் ராண்ட் பால். எலியும் பூனையுமான இரண்டு கட்சியும் கைகோத்த அபூர்வம். அதே பிள்ளைகளுக்கு வழி செய்யும் பிரிவு இந்தப் பெரிய மசோதாவுக்குள் வந்தபோது இருவரில் ஒருவர்கூட இதை ஆதரிக்கவில்லை. படில்லா எதிர்த்தே வாக்களித்தார். புகலிடம் கோருவோரின் கதவை இது அடைக்கிறது என்பது அவர் காரணம். ராண்ட் பாலோ உக்ரைனுக்குப் பணம் கொடுப்பதையே ஆரம்பத்திலிருந்து எதிர்ப்பவர். பிள்ளைகளுக்காகப் பேசிய இருவரும், பிள்ளைகளுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களால் விலகினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இப்படிக் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

கட்டியதன் விலையை முதலில் கொடுத்தவர்கள் உக்ரைன்காரர்கள். பணம் வாஷிங்டனில் தொங்கிக்கொண்டிருந்தபோதே, பிப்ரவரி 17 அன்று அவ்தீவ்கா நகரம் ரஷ்யாவின் கைக்குப் போனது. ஏப்ரல் 10 அன்று ஐரோப்பாவிலுள்ள அமெரிக்கப் படைகளின் தளபதி ஜெனரல் கிறிஸ்டோபர் கவோலி நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து சொன்னார்: ரஷ்யா ஐந்து குண்டு சுடும்போது உக்ரைன் ஒன்று சுடுகிறது, சில வாரங்களில் இது பத்துக்கு ஒன்று ஆகிவிடும். மறுநாளே கீவ் நகருக்குத் தெற்கிலுள்ள ட்ரிபில்ஸ்கா அனல்மின் நிலையத்தை ரஷ்ய ஏவுகணைகள் எரித்தன. பதினொன்று வந்தன, முதல் ஏழை வீழ்த்தினோம், மீதி நான்கு நிலையத்தை அழித்துவிட்டன என்றார் அதிபர் ஜெலன்ஸ்கி. ஏன் வீழ்த்த முடியவில்லை என்றதற்கு, எங்களிடம் ஏவுகணை தீர்ந்துபோயிருந்தது என்றார்.

பிறகு ஏப்ரல் 20 அன்று மைக் ஜான்சன் முடிச்சை அவிழ்த்தார். உக்ரைனுக்குத் தனி வாக்கு, இஸ்ரேலுக்குத் தனி வாக்கு, தைவானுக்குத் தனி வாக்கு. உக்ரைனுக்கு 311-112. தைவான் பக்கத்துக்கு 385-34. ஆறு மாதமாக முடியாது என்று சொன்ன அதே சபையில் ஒரு சனிக்கிழமை பகலில் முடிந்துவிட்டது. அன்று எல்லை மசோதா ஒன்றையும் தனியாக வைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்ட இடத்தில் 215-199 என்று விழுந்தது. செனட் 79-18 என்று ஒப்புக்கொள்ள, ஏப்ரல் 24 அன்று பைடன் கையெழுத்திட்டார். உக்ரைனுக்குக் குண்டு போனது. எல்லைச் சட்டம் விழுந்தது. எச்-4 பிள்ளைகளின் பிரிவு என்ன ஆனது என்று அன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் யாரும் கேட்டதாக நான் பார்க்கவில்லை. மே 23 அன்று எல்லைப் பகுதியை மட்டும் செனட்டில் மறுபடி வாக்குக்கு விட்டார்கள், 43-50. லாங்க்ஃபோர்டும் சினிமாவுமே எதிர்த்து வாக்களித்தார்கள். அதற்குள் அது தேர்தலுக்கான காட்சியாகிவிட்டது என்பது அவர்கள் குறை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அந்த மசோதா நிறைவேறியிருந்தால் நமக்குப் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே 370 பக்கங்களில் தமிழர்களின் தலைக்கு மேல் தொங்கிய கத்தியும் இருந்தது. 2017 தொடக்கத்தில் இலங்கைத் தமிழர் ஒருவர் கலிஃபோர்னியாவின் சான் இசிட்ரோ அருகே எல்லையைத் தாண்டினார். எல்லையிலிருந்து 25 கெஜம் தள்ளிப் பிடிபட்டார். ஊரில் தன்னை வேனில் கடத்திக்கொண்டுபோய் அடித்தார்கள் என்று புகலிட அதிகாரியிடம் சொன்னார். அடிபட்டது உண்மை என்று அதிகாரி ஏற்றுக்கொண்டார். யார் அடித்தார்கள், எதற்காக அடித்தார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை என்பதால், நம்பத்தகுந்த அச்சம் இல்லை என்று எழுதிவிட்டார். வெள்ளை வேனில் தூக்கப்பட்டவன் தூக்கியவனின் பெயரையும் முகவரியையும் எப்படிச் சொல்வான் என்று யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூன் 25 அன்று 7-2 என்ற கணக்கில் அவர் தோற்றார். அப்படி விரைவாகத் திருப்பி அனுப்பப்படுபவர்கள் அந்த முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

2024 மசோதா புகலிட அதிகாரியின் அந்த முதல் வடிகட்டியின் துளையை மேலும் சிறிதாக்கியது. அச்சம் உண்மையாக இருக்கச் சாத்தியம் உண்டு என்று காட்டினால் போதும் என்றிருந்ததை, அதற்கு மேலான ஆதாரம் வேண்டும் என்று உயர்த்தியது. ஆக, சிகாகோவில் எச்-4 விசாவில் வளரும் மயிலாப்பூர்ப் பிள்ளைக்குக் கதவு திறக்கும் அதே பக்கங்கள், முல்லைத்தீவிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவருபவனுக்குக் கதவை அடைத்தன. ஆதரிப்பதா, எதிர்ப்பதா? எதைச் சொன்னாலும் ஒரு தமிழ்ப் பிள்ளை வெளியே நிற்கும். எந்த மனசாட்சியுள்ள செனட்டருக்கும் அங்கே சரியான பொத்தான் கிடையாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாக்குக்கு விட மறுப்பவர்கள்தான் இந்த நிலையை உண்டாக்குகிறார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை இவ்வளவு பதற்றத்தோடு எழுத மாட்டேன். 2025இல் புது வழி பிடித்துவிட்டார்கள். ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரும் வரிச் சட்டத்துக்குள் எல்லைக்கும் குடியேற்ற நடவடிக்கைக்குமாகச் சேர்த்து ஏறக்குறைய 17,000 கோடி டாலர் இருக்கிறது. சுவருக்கு 4,650 கோடி; தடுப்புக் காவல் இடங்களுக்கு 4,500 கோடி. 2024இல் சண்டையிட்டுச் சாகடித்த மசோதாவின் எல்லைத் தொகையைப்போல எட்டு மடங்குக்கும் மேல். இது செனட்டில் எப்படி நிறைவேறியது தெரியுமா? 51-50. துணை அதிபர் வான்ஸின் ஒரு வாக்கால். 60 தேவைப்படவில்லை.

காரணம், வரவு செலவுக்கென்று அங்கே ஒரு தனிக் குறுக்கு வழி உண்டு. நம் நாடாளுமன்றத்தில் 2016இல் ஆதார் சட்டத்தைப் பண மசோதா என்று கொண்டுவந்து மாநிலங்களவையைத் தாண்டியது நினைவிருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். அந்த வழியில் பணத்தைக் கொண்டுபோகலாம். கட்டணத்தையும் வரியையும் கொண்டுபோகலாம். விசா உரிமையைக் கொண்டுபோக முடியாது. ஜனநாயகக் கட்சி 2021இல் முயன்று பார்த்தது. குடியேறியவர்களுக்குச் சட்ட அந்தஸ்து தரும் பிரிவுகளை அதே வழியில் நுழைக்க மூன்று முறை கேட்டார்கள். செனட்டின் விதிகளைக் காக்கும் அதிகாரி எலிசபெத் மெக்டொனோ மூன்று முறையும் முடியாது என்றார். கணக்கு இப்போது தெளிவாகிறதா? வேலியும் சிறையும் கட்டணமும் 51 வாக்கில் போகும். உங்கள் பேரப்பிள்ளையின் இடத்தைக் காக்கும் வரிக்கு மட்டும் 60 வேண்டும். அந்த 60ஐத் திரட்ட இன்னொரு பெரிய விஷயத்தோடு அதைக் கட்டியாக வேண்டும். கட்டினால் பிப்ரவரி 7 மாதிரிதான் ஆகும்.

அந்த ஜூலைச் சட்டத்தின் மடிப்புகளில் என்னென்ன போயிற்று என்று பாருங்கள். அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் போகும் நம்மூர் அம்மா அப்பாவுக்கும் பொருந்தும் 250 டாலர் கூடுதல் விசாக் கட்டணம் அதில் இருக்கிறது. அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வரியும் இருக்கிறது. முதல் வரைவில் அது 5 சதவீதம். பிரதிநிதிகள் சபை தாண்டும்போது 3.5, கடைசியில் 1 சதவீதமாகி, ரொக்கம், மணி ஆர்டர் போன்றவற்றுக்கு மட்டும் என்று சுருங்கியது. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் இல்லை. அந்தச் சுருக்கம் நடக்காமல் போயிருந்தால், மாதாமாதம் மகன் அனுப்பும் பணத்தை நம்பி மருந்து வாங்கும் எத்தனை வீடுகள் அடிபட்டிருக்கும்! எல்லைப் பாதுகாப்பு, வரிக் குறைப்பு என்ற பலகைக்குப் பின்னால் நம் வீட்டுச் சமையலறை வரை வந்துபோன சட்டம் அது.

நாடாளுமன்றம் இப்படி முட்டிக்கொண்டு நிற்கும்போது அதிபரின் பேனா வேலை செய்கிறது. எல்லை மசோதா செத்த சில மாதங்களில், 2024 ஜூன் 4 அன்று பைடனே ஓர் ஆணையால் பெரும்பாலோருக்குப் புகலிடக் கதவை அடைத்தார். வரம்பு 5,000 கூட இல்லை, 2,500. டிரம்ப் பதவியேற்ற 2025 ஜனவரி 20 அன்றே எல்லையில் புகலிடம் கோரும் வழியை மொத்தமாக மறித்தார். அது நீதிமன்றத்துக்குப் போனது. பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்கள் கைவிலங்கோடு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் வந்து இறங்கியதை நாடே பார்த்தது. ஆகஸ்ட் 15 முதல் பிள்ளைகளின் வயதைக் கணக்கிடும் முறையை மாற்றினார்கள். முன்பு தப்பியிருக்கக்கூடிய சில பிள்ளைகள் இப்போது 21ஐத் தாண்டியவர்களாகக் கணக்கில் வருவார்கள். செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் என்ற ஆணை வந்தது. அக்டோபர் 30 முதல், வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர்களுக்கு முடிவு வரும் வரை தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு நின்றுபோனது. இவற்றில் ஒன்றுக்குக்கூட இரு அவைகளிலும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்து வருபவர் மாற்றலாம், மாற்றாமலும் போகலாம். சட்டமாக இருந்திருந்தால் இவ்வளவு எளிதாகக் கை வைத்திருக்க முடியாது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மருமகள் எச்-4 விசாவில் வேலை செய்கிறாள், பேத்தி அங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு செய்தியோடு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, புதுச் சட்டம் வந்துடுச்சாம்ல? இனிமே இருபத்தோரு வயசு தாண்டினாலும் பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதாம்.” குரலில் அவ்வளவு நிம்மதி. வாங்கிப் பார்த்தேன். 2024 பிப்ரவரியில் வந்த அந்த மசோதாவைப் பற்றிய பழைய செய்தி. தேதி வெட்டப்பட்டிருந்தது. “இல்லைங்க டீச்சரம்மா, இது மசோதாதான். நிறைவேறவே இல்லை” என்றேன். அவர் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. அந்தச் செய்தியை நம்பி, மாணவர் விசாவுக்கு மாறும் ஏற்பாட்டை மகன் தள்ளிப்போட்டிருந்தான்.

உஷார் என்று நான் கத்துவது இதற்குத்தான். அமெரிக்காவில் ஒரு மசோதா வெளியிடப்படுவது வேறு, இரு அவையும் தாண்டி அதிபர் கையெழுத்தாவது வேறு. இரண்டாண்டுக்கு ஒருமுறை அவைக்காலம் முடியும்போது நிறைவேறாதவை அத்தனையும் காலாவதி ஆகிவிடும். 2024இல் வந்தவை 2025 ஜனவரி 3 அன்று செத்துவிட்டன. மீண்டும் வேண்டுமென்றால் முதலிலிருந்து கொண்டுவர வேண்டும். அந்தச் செய்தியைக் காட்டி, வரப்போகும் சட்டத்துக்கு இப்போதே பதிவு செய்கிறோம் என்று யாராவது கட்டணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வராத சட்டத்துக்குப் பதிவு என்று ஒன்று உலகில் கிடையாது. எல்லை மூடுவதற்குள் உள்ளே போய்விடலாம் என்று சொல்லும் ஏஜென்ட் அதைவிட ஆபத்தானவன். 2022 ஜனவரியில் கனடா எல்லையில் எமர்சன் அருகே பனியில் உறைந்து இறந்த குஜராத் குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள்.

2026 நவம்பரில் அங்கே இடைக்காலத் தேர்தல். தேர்தல் நெருங்க நெருங்க உக்ரைன், இஸ்ரேல், தைவான், எல்லை என்று மறுபடி முடிச்சுப் போடும் ஆசை இரண்டு கட்சிக்கும் வரும். அப்படி ஒன்று வந்தால் தலைப்பில் வரும் தொகையோடு நிற்காதீர்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் மசோதாவின் முழு வாசகத்தை எடுக்கச் சொல்லுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எச்-4 என்ற சொல் எங்கே வருகிறது, கட்டணம் என்ற சொல் எங்கே வருகிறது, புகலிடம் எங்கே வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். வாக்குரிமை இல்லாவிட்டாலும் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேச அங்கே வசிக்கும் யாருக்கும் தடை இல்லை. பேசும்போது ஒன்றை மட்டும் வலியுறுத்தச் சொல்லுங்கள்: பிள்ளைகளின் பிரிவைத் தனியாக வாக்குக்கு விடுங்கள். ஏப்ரல் 20 அன்று உக்ரைனுக்குச் செய்ததை இந்தப் பிள்ளைகளுக்கும் செய்ய முடியும்.

அதுவரை சட்டம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். மருமகளின் வேலை அனுமதி அட்டை எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே கேளுங்கள். முடிவதற்கு 180 நாட்களுக்கு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது. பேத்திக்குப் பத்தொன்பது நடக்கிறதென்றால், புதிய கணக்கின்படி அவளுடைய சட்ட வயது எவ்வளவு என்று குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மாணவர் விசாவுக்கு மாறும் மனு, கல்லூரிக் கட்டணம் கூடினால் அதற்கான பணம், இரண்டையும் அவளுடைய இருபதாம் பிறந்தநாளுக்குள் தயாராக்கிவிட வேண்டும்.